செதில் தண்ணீர்

'நீக்கம்' என்ற சொல்லை லேப் அக்காவின் காதில் விழும்படி சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருடைய ஆய்வேட்டுத் தலைப்பிலும் அந்தச் சொல் இருந்தது. வாழைப்பழத் தோலால் சாய நீக்கம். புளியங்கொட்டைத் தூளால் குரோமிய நீக்கம். கடலைத் தோலால் நிக்கல் நீக்கம். அக்கா குடுவைகளைக் கழுவிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்பார்.

"நீக்கிட்டேன்றியே பாப்பா, நீக்கி எங்க வெச்ச?"

நாங்கள் சிரிப்போம். பி.எச்டி. செய்துகொண்டிருந்த ஆறு பேரும் சிரிப்போம். பாத்திரம் கழுவுகிறவருக்கு இதெல்லாம் என்ன புரியும் என்கிற சிரிப்பு. இன்றைக்கு நினைத்தால் அந்த ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும் போலிருக்கிறது. முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். குப்பைக்குப் போகிற தோல், கொட்டை, உமி, சக்கை என்று எதையாவது எடுத்துக் காயவைத்துப் பொடியாக்குவோம். விஷம் கலந்த தண்ணீரில் அதைப் போட்டுக் கலக்குவோம். விஷம் அந்தப் பொடியின்மேல் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டி எடுத்து, தண்ணீரில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மிஷினில் அளப்போம். குறைந்திருந்தால் ஒரு கட்டுரை தேறும். விஷம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? நாங்கள் போட்டதுதான். அலமாரி பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில் நாங்களே கரைத்து, நாங்களே எடுத்து, நாங்களே கைதட்டிக்கொள்வோம். முன்னுரையில் மட்டும் 'ஏழை மக்களுக்கு மலிவு விலையில் பாதுகாப்பான குடிநீர்' என்று எழுதுவோம். ஏழை மக்களில் ஒருவர் தினமும் எட்டரை மணிக்கு வந்து எங்கள் குடுவைகளைக் கழுவினார். அவர் என்ன தண்ணீர் குடிக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடையாற்றில் இருந்த அந்தக் கல்லூரிக்கு அக்கா ஒப்பந்த வேலைக்காரர். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும். பிறந்தது கொட்டிவாக்கத்தில் மீன் பிடிக்கிற குடும்பம், வாழ்க்கைப்பட்டது சைதாப்பேட்டையில் ஆற்றோரத் தெரு. நீலச் சீருடைப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. அமிலத்தில் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். யாராவது "ஆயா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஒருமுறை ஒரு பையன் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். "உங்கம்மாக்கு என் வயசுதான் இருக்கும். அவங்கள ஆயான்னு கூப்டு, திரும்பினா எங்கிட்ட வா" என்றார். அதற்குப் பிறகு துறை முழுக்க அவர் அக்காதான்.

எது காணாமல் போனாலும் அவருக்கு விடை தெரிந்தாக வேண்டும். தொட்டியில் அழுக்குத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கினால் நமக்கு அது போய்விட்டது. அக்காவுக்கு அங்கேதான் அது கிளம்புகிறது. "இந்தப் பைப்பு எங்க போவுது தெரியுமா? பின்னால சாக்கடைக்கு. அப்பால ஆறு. அப்பால கடலு. எங்கண்ணன் அங்கதான் வலை போடுது. நீ மீனு துன்ன மாட்ட, உனுக்கு இன்னா? நான் துன்றேன் பாப்பா."

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் பேராசிரியர் ஒரு பிரசங்கம் செய்தாராம். உலோகம் கலந்த குடுவையை முதலில் அலசுகிற தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, தனிக் கேனில் பிடித்துவைக்க வேண்டும், அதை எடுத்துப்போக ஆள் வரும் என்று. சொன்னவர் மறுநாளே மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. வாயில் சிவப்புத் துணி கட்டிய வெள்ளைக் கேன்கள் மாடிப்படியின் கீழே சேர்ந்துகொண்டே போயின. எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை.

கல்லூரிக்குத் தரம் போடுகிற குழு வருவதற்கு முதல் நாள் பேராசிரியர் அந்தப் பக்கமாக வந்தார். மூக்கைச் சுளித்தார்.

"இதெல்லாம் காலி பண்ணிடுங்கம்மா."

"எங்க சார்?"

"எங்கயாவது."

"எங்கயாவதுன்னா எங்க சார்? ஒரு எடம் சொல்லுங்க, நானே தூக்கிக்கினு போறேன்."

"தொட்டியில ஊத்துங்கம்மா, யாரு பாக்கப்போறா?"

"நான் பாத்துக்கினு கீறேனே" என்றார் அக்கா.

மறுநாள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கேன்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழுவில் வந்த ஒரு வெளியூர்ப் பேராசிரியை இது என்ன என்று கேட்டார். அக்கா விவரமாகச் சொன்னார். அந்த அம்மாள் அசந்துபோய், கழிவைப் பிரித்துப் பாதுகாக்கிற முன்மாதிரித் துறை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பேராசிரியர் அதே கேன்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் அக்கா இல்லை, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். கேன்கள் அதே இடத்தில் தூசி படிந்து கிடந்தன.

எனக்கு வாய்த்த சரக்கு மீன் செதில். தோலும் கொட்டையும் எனக்கு முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டதால் மிஞ்சியது அது. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்துப் பெண், வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை, ஈயத்தை மீன் செதிலால் நீக்கப்போகிறேன்! முதல் நாள் அக்காவிடம் போய், "ஒரு கிலோ வஞ்சிரம் செதில் வேணும்கா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே மீன் பெயர் அது. அக்கா குடுவையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வஞ்சிரத்துக்கு ஏது பாப்பா செதிலு? மொழுமொழுன்னு கீற மீனு அது. கெண்டை, ரோகு, கொடுவா இப்டி கேளு. சைதாப்பேட்ட மார்க்கெட்ல கூடகூடயா கொட்றாங்க. நான் கொண்டாரேன்."

கொண்டுவந்தார். கழுவி, கொதிக்கவைத்து, மறுபடி கழுவி, மொட்டை மாடியில் காயப்போட்டோம். காக்காயும் பூனையும் கூடிவிட்டன. நான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வீட்டு வாசலிலேயே அம்மா மறிப்பாள். "அங்கேயே நில்லு. ஆத்துக்குள்ள அடி வைக்காதே. என்ன படிப்போ, நாறிண்டு வந்து நிக்கறே." குளித்து, துணியை நனைத்துப் போட்டுவிட்டு வந்தால்தான் காபி.

ஆனால் செதில் ஈயத்தை நன்றாகவே பிடித்தது. அதில் பொய் இல்லை. எங்கள் சுத்தத் தண்ணீரில், நாங்கள் போட்ட ஈயத்தில், செதில் தூள் போட்டுக் கலக்கினால் ஏறக்குறைய எல்லாமே ஒட்டிக்கொண்டுவிடும். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன்.

அப்போதுதான் ஒருநாள் அக்கா தன் குடிதண்ணீர் பாட்டிலை என் மேசைமேல் வைத்தார்.

"இத்தயும் அந்த மிஷின்ல போடேன்."

"எதுக்குக்கா?"

"எம்பொண்ணுக்கு மொத புள்ள தங்கல. டாக்டரம்மா இன்னா தண்ணி குடிக்கிறன்னு கேட்டாங்களாம். எங்க தெருவுல அடிபம்பு தண்ணிதான். பார்வைக்கு சுத்தமாத்தான் கீது."

மகளையும் அதே தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார், நாலு வீடு தள்ளி. அந்தத் தெருவின் முனையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகைகள் இரண்டு இருந்தன. பாட்டிலை மிஷினில் போட்டேன். இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. ஈயத்துக்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது, வாசனை கிடையாது. கருவில் இருக்கிற குழந்தைக்கு அதைப்போல எதிரியும் கிடையாது. அக்காவிடம் சொன்னேன். பாட்டிலை மூடி, திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

பேராசிரியருக்குச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். "களச் சோதனை!" என்றார். நிஜத் தெரு, நிஜ மக்கள், நிஜ ஈயம். ஏற்கெனவே ஒரு திட்ட நிதி கையில் இருந்தது. ஒரே மாதத்தில் அடிபம்பை ஒட்டி மேடை கட்டி ஒரு நீல ட்ரம் வைத்தோம். உள்ளே மணல், கூழாங்கல், நடுவில் என் செதில். மேலே ஊற்றினால் கீழே குழாயில் வரும். ரிப்பன், சால்வை, மைக். 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்று கல்லூரி முத்திரையோடு ஒரு பலகை. நாளிதழில் என் படம்கூட வந்தது.

தெருவில் முதலில் யாரும் கிட்டே வரவில்லை. மீன் கழிவில் இறங்கி வருகிற தண்ணீரையா குடிப்பது என்று முகத்தைச் சுளித்தார்கள். அக்கா ஒரு டம்ளரில் பிடித்து, எல்லார் எதிரிலும் அண்ணாந்து குடித்தார்.

"நான் கய்வின பாத்திரத்துல செஞ்சிது. இந்தப் பொண்ணு கூடவே நின்னு பாத்துக்கினு கீறேன் ரெண்டு வருசமா. நான் சொல்றேன், குடிங்க."

அவர் சொன்னார் என்றுதான் குடித்தார்கள். பலகைக்காக இல்லை, சால்வைக்காக இல்லை. அந்தத் தெருவில் அக்கா வாயிலிருந்து வந்தால் அது நிஜம்.

அன்றைக்கு மேடையிலிருந்து இறங்குவதற்குள் அக்காவின் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "இது எத்தினி நாளிக்கித் தாங்கும்? ஒட்டிக்கினே இருந்தா எடம் ரொம்பிடாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுத்தத் தண்ணீர்க் கணக்குப்படி அது பல மாதம் தாங்க வேண்டும். தெருத் தண்ணீர் அப்படியா? உப்பும் சுண்ணாம்பும் சாக்கடையும் கலந்த தண்ணீர். எல்லாம் அந்தச் செதிலிலேயே இடம் பிடிக்கப் போட்டிபோடும். லேபில் ஒரு கண்ணாடிக் குழாயில் செதிலை நிரப்பி, அக்கா தெருத் தண்ணீரையே விட்டுப் பார்த்தேன். ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. அதற்கு மேல் போனால் சமயத்தில் ஒட்டியிருந்ததும் கழன்று வரும்.

பேராசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்யும்னு அறிக்கை அனுப்பியாச்சும்மா. இதை 'எதிர்கால ஆய்வு'ன்னு கடைசிப் பத்தியில ஒரு வரி எழுதிடு. போதும்." எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

ஆனாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நானும் அக்காவும் செதிலை மாற்றினோம். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் மார்க்கெட்டிலிருந்து கூடை கொண்டுவருவார், நான் கழுவிக் கொதிக்கவைப்பேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்ததும் ட்ரம்மைத் திறப்போம். எடுத்த பழைய செதிலை என்ன செய்வது? ஈயம் இப்போது அதற்குள் இருக்கிறது. பேராசிரியர் குப்பையில் போடச் சொன்னார். அக்கா கோணியில் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்கே கொண்டுவந்து, கேன்களுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தார். "எங்க தெரு குப்பைய கோழி கிளறும், புள்ளைங்க மெறிக்கும். உங்க வெசம் உங்க ஊட்லயே இருக்கட்டும் சார்" என்று பேராசிரியர் முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று உறைக்கவில்லை.

அப்புறம் நான் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு, தி.நகருக்கும் மயிலாப்பூருக்குமாகப் புடவைக்கும் ஜாதகத்துக்கும் அலைந்துகொண்டு, லேபுக்கு வாரத்துக்கு ஒருநாள் போவதே பெரிய காரியமாகிவிட்டது. போகிறபோதெல்லாம் அக்கா கேட்பார்.

"மாத்தற நாளு வந்திச்சே பாப்பா?"

"அடுத்த வாரம்கா."

அடுத்த வாரமும் அதுவே. மூன்றாவது தடவை அவர் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. செதில் நாற்றத்தில் மறுபடி போய் நிற்க வேண்டுமே என்கிற எரிச்சல், அவ்வளவுதான். அந்த எரிச்சலில் ஒரு பொய் சொன்னேன்.

"கடைசியா போட்டது வேற மாதிரிக்கா. பதப்படுத்தினது. ஒரு வருஷம் தாங்கும்."

"மெய்யாலுமா?"

"ஆமாம்கா."

எதற்கும் விடாமல் கேட்கிற அந்த மனுஷி அன்றைக்கு மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னா சரி" என்றார். குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தார். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ, மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று ஒரு சின்ன டப்பாவில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன். சே, இதை எழுதும்போதே என்மேல் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பி.எச்டி.யின் கடைசிச் சடங்கு பொது வாய்மொழித் தேர்வு. பெயருக்குத்தான் பொது. நாம் மேடையில் நின்று ஆராய்ச்சியை விளக்குவோம், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நாலு கேள்வி கேட்பார். பிறகு அவையைப் பார்த்து, "யார் வேண்டுமானாலும் கேட்கலாம்" என்பார். ஒரு ஜூனியர் ஏற்கெனவே சொல்லிவைத்த ஒரு கேள்வியைக் கேட்பான். எல்லார் கண்ணும் ஓரத்து மேசையில் இருக்கிற ஜாங்கிரி, மிக்சர்மேல் இருக்கும். கைதட்டல், டாக்டர் பட்டம், காபி.

அன்றைக்குக் காலையில் பட்டுப்புடவையும் பூவுமாக நான் வராண்டாவில் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா எதிரே வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"பாப்பா, ஒரு நிமிசம்."

"முடிஞ்சதும் பேசலாம்கா, ப்ளீஸ்."

முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். பேசினேன், படங்கள் காட்டினேன், பலகையோடு இருக்கிற ட்ரம்மின் படத்தைக் கடைசியில் காட்டினேன். தேர்வாளர் மகிழ்ந்துபோய், "இப்படி மக்களுக்குப் பயன்படுகிற ஆராய்ச்சி இன்று அரிது" என்றார். அவையைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார்.

மிக்சர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அக்கா கையைத் தூக்கினார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேர்வாளர் நல்ல மனிதர். "கேளுங்கம்மா" என்றார்.

"எம்பொண்ணுக்கு அஞ்சு மாசம்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அந்த ட்ரம்மு தண்ணிதான் குடிக்கிது. போன வாரம் பம்பு தண்ணி ஒரு பாட்டிலு, ட்ரம்மு தண்ணி ஒரு பாட்டிலு புச்சாந்து புதுசா சேந்த தம்பிகிட்ட குட்தேன். மிஷின்ல போட்டு இதுல எய்திக் குட்துச்சு. பம்ப விட ட்ரம்முலதான் ஜாஸ்தி கீது. நான் தப்பா படிச்சிருக்கலாம், எனுக்குப் படிப்பில்ல. நீ சொல்லு பாப்பா. குடிக்கலாமா, வோணாமா?"

ஒரே ஒரு சொல் போதும். வேண்டாம். அவ்வளவுதான். அதைச் சொன்னால் கடைசி அத்தியாயம் பொய், அறிக்கை பொய், படத்தில் இருக்கிற பலகை பொய். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அது இந்த ஆய்வோட வரம்புக்குள்ள வராதுக்கா" என்றேன். "நாம தனியாப் பேசிக்கலாம்."

"தனியாப் பேசறதுக்கு அவ தனியாவா குடிக்கிறா? தெருவே குடிக்கிது."

பேராசிரியர் எழுந்துவிட்டார். "அம்மா, தட்டை எடுத்துக் குடுங்க, எல்லாரும் காத்துண்டிருக்கா" என்றார் சிரித்துக்கொண்டே. தேர்வாளர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவரும் தேர்வு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கைதட்டினார்கள். நான் டாக்டர் ஆனேன். அக்கா தட்டைத் தொடவில்லை, அப்படியே வாசலைப் பார்த்துப் போய்விட்டார்.

மூன்று நாள் நான் வீட்டில் உட்கார்ந்து வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சான்றிதழ் வேலையாகக் கல்லூரிக்குப் போனால், தொட்டியருகே வேறு ஒரு பெண் நிற்கிறாள். வாட்ச்மேன்தான் சொன்னார். "ஹால்ல பேசிடிச்சில்ல மேடம், அன்னிக்கே நிறுத்திட்டாங்க. அதுவும் சும்மா இல்ல. நேரா போயி ட்ரம்ம இஸ்து கீழ தள்ளிடிச்சாம். தெருவே சேந்து சண்டையாம்."

யாரிடமும் சொல்லாமல் சைதாப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன். தள்ளிவிட்ட ட்ரம் தரையில் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ட்ரம் மேடைமேல் நின்றுகொண்டிருந்தது. தூக்கி நிறுத்தி, செதிலை அள்ளி உள்ளே போட்டு, குழாயை முறுக்கி, பலகையைத் துடைத்து வைத்திருந்தார்கள். பலகைக்குக் கீழே நாளிதழிலிருந்து கத்தரித்த என் படம் ஒட்டியிருந்தது. நாலு குடங்கள் வரிசையில் இருந்தன. ஒரு குடத்துக்குப் பக்கத்தில் அக்காவின் மகள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் அவள் மாமியார் ஓடிவந்தாள். "வாம்மா, டாக்டரு பட்டம் வாங்கிட்டியாமே! எங்க சம்பந்தியம்மாவுக்கு இன்னா ஆச்சின்னே தெர்ல. இது வெசம், குடிக்காதன்னு ஒரே கத்து. டம்ளரு கய்வறவ சொல்றத கேக்கறதா, டாக்டரு பொண்ணு சொல்றத கேக்கறதா? எம் மருமவளக்கூட கைய புச்சி இஸ்துக்கினு போவப் பாத்துச்சி. நான் வுடல. நீயே சொல்லு, நல்ல தண்ணிதானே?"

அக்கா எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ட்ரம்மையே பார்த்துக்கொண்டு. நாலு நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குடிக்காதே என்று சொல்லிக்கொண்டு. ஒருவரும் கேட்கவில்லை. குடிக்கச் சொன்னபோது நம்பிய அதே தெரு.

"குடிக்காதீங்க" என்றேன். மறுபடி சொன்னேன். "அவங்க சொல்றதுதான் உண்மை. இதை யாரும் குடிக்காதீங்க. நான் மாத்தியிருக்கணும், மாத்தலை. ஒரு வருஷம் தாங்கும்னு அவங்ககிட்டப் பொய் சொன்னேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னைக் கேட்கக் கூசுகிற ஒரு வார்த்தையால் திட்டினாள், அது எனக்குப் போதவில்லை. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எழுந்து வந்தார். என் கிட்டே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"இத்தத்தான் அன்னிக்கு நீ மேடைல நின்னப்போ கேட்டேன்" என்றார். "அப்ப சொல்லியிருந்தா நாலு நாளு இந்தத் தண்ணி உள்ள போயிருக்காது."

"நாலு நாள்ல பெரிசா ஒண்ணும் ஆயிடாதுக்கா" என்றேன். அந்த நேரத்திலும் என்னால் அப்படித்தான் பேச முடிந்தது.

மகள் தன் குடத்தை வரிசையிலிருந்து தள்ளிவைத்தாள்.

"நாலு நாளு இல்ல மேடம்" என்றாள். "அதுக்கு முன்ன எத்தினி மாசமா இது கெட்டுக் கீது?"

கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. கடைசியாகச் செதில் மாற்றிய ஞாயிறு எனக்குத் தெரியும். அதிலிருந்து ஆறு வாரமும் தெரியும்.

"அஞ்சு மாசமா" என்றேன்.

அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அக்கா அவள் தோளைப் பிடித்து, மெதுவாகத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் போய்த் தட்டவில்லை, அன்றைக்கும் தட்டவில்லை, இன்றுவரைக்கும் தட்டவில்லை.